கடலுக்கு அடியில் போர் போட்டால்

போன ஏப்ரலில் குடியாத்தம் பக்கம் அக்கா வீட்டுத் தோட்டத்தில் போர் போட்டார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி சாயங்காலம் வந்து நின்றது, விடிய விடிய ஓடியது. முதல் இருபது அடி செம்மண். அப்புறம் கையால் நொறுக்கினாலே உதிரும் சொத்தைக் கல். அது வரைக்கும் கேசிங் பைப் இறக்கினார்கள். அதன்பின் வெறும் பாறைதான். சாம்பல் நிறத்தில் மாவு மாவாகப் பறந்ததில் வாழைக்கன்றுகள் எல்லாம் திருநீறு பூசிக்கொண்டு நின்றன. எழுநூறு அடி தாண்டியும் ஈரம் காணோம்.

வேடிக்கை பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "விடாம போய்க்கிட்டே இருங்க, கடைசியில கடலுதான். பூமியே கடல் மேலதான மிதக்குது" என்றார். ரிக் வண்டிக்காரர் சிரித்தார். "அதுக்கும் கீழ நெருப்புக் குழம்புங்க ஐயா, பிட்டே உருகிடும்." ஏழாவது படிக்கும் அக்கா மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "மாமா, அப்ப கடலுக்கு அடியில போர் போட்டா என்ன வரும்?"

அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து அன்றைக்குச் சமாளித்தேன். பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பெரியவர் சொன்னதும் தப்பு, வண்டிக்காரர் சொன்னதும் தப்பு, நான் சமாளித்ததும் பாதி தப்பு. கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி நம் ஊரில் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. உண்மையோ அந்தக் கதைகளைவிட விசித்திரமானது.

கடல் ஒரு பெரிய ஏரி அல்ல

கடலிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி வாழும் நமக்குக் கடல் என்றதும் மனதில் வருவது ஏரிதான். காவேரிப்பாக்கம் ஏரி வற்றினால் என்ன தெரியும்? கரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அதே மண், அந்தப் பக்கமும். பள்ளமான நிலத்தில் தண்ணீர் நின்றது, அவ்வளவுதான். கடலையும் இப்படி இறைத்துவிட்டால் அடியில் நம் நிலத்தின் தொடர்ச்சிதான் தெரியும் என்று நினைக்கிறோம்.

கரையோரத்தில் இது உண்மையும்கூட. மெரினாவிலிருந்து கிழக்கே சில பத்து கிலோமீட்டர் வரை கடலுக்கு அடியில் இருப்பது மூழ்கிப்போன நிலம்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது அங்கே நடந்தே போயிருக்கலாம். ஆனால் அந்த ஆழமில்லாத மேடை முடிந்ததும் ஒரு பெரிய சரிவு. சரிவின் அடியில், மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்தில், தொடங்குவது வேறொரு தரை. கல்லே வேறு.

இங்கே ஒரு சொல்லை அறிமுகம் செய்துகொள்வோம். பூமியின் மேல் தோலாக இருக்கும் பாறைக்கு மேலோடு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சியால், சிமா என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கலாம். எனக்கு அந்த இரண்டு பெயரும் பதிந்தன, அவற்றுக்கு இடையே என்ன வித்தியாசம் என்பது மட்டும் பதியவில்லை. வித்தியாசம் இதுதான்: நிலத்துக்கு அடியில் இருக்கும் மேலோடு தடிமனானது, எடை குறைந்தது. கடலுக்கு அடியில் இருப்பது மெல்லியது, கனமானது.

எவ்வளவு மெல்லியது? காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி வேலூர்க் கோட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தை அப்படியே செங்குத்தாக நிறுத்துங்கள். ஆறு ஏழு கிலோமீட்டர். கடலடி மேலோட்டின் தடிமன் அவ்வளவுதான். நம் காலுக்கு அடியில் இருக்கும் மேலோட்டைத் தாண்டவோ வேலூரிலிருந்து வாலாஜாவையும் கடந்து காவேரிப்பாக்கம் வரை போக வேண்டும், ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

எடையிலும் வித்தியாசம் உண்டு. வேலூரைச் சுற்றி நிற்கும் மலைகளின் கல்லை ஒரு லிட்டர் பால் பாக்கெட் அளவுக்கு வெட்டி எடுத்தால் சுமார் 2.7 கிலோ இருக்கும். கடலடிக் கல்லில் அதே அளவு வெட்டினால் கிட்டத்தட்ட 3 கிலோ. அந்தக் கடலடிக் கல்லுக்கு பசால்ட் என்று பெயர். எரிமலைக் குழம்பு ஆறி உண்டாகும் கருங்கல் அது. அஜந்தா, எல்லோரா குகைகளைப் பார்த்திருந்தால் பசால்ட்டைப் பார்த்திருக்கிறீர்கள்; அவை அந்தக் கல்லில் குடைந்தவை.

ஒரு பாக்கெட்டுக்கு முந்நூறு கிராம் வித்தியாசம் பெரிதா என்று கேட்கலாம். கோட்டை அகழியில் தடியான, லேசான மரக்கட்டை ஒன்றையும், மெல்லிய, கனத்த பலகை ஒன்றையும் மிதக்க விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தடிக்கட்டை தண்ணீருக்கு மேலே நன்றாகத் தலை தூக்கி நிற்கும். பலகை தண்ணீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும். கண்டங்கள் அந்தத் தடிக்கட்டைகள், கடல்தரை அந்தப் பலகை. இரண்டும் தங்களுக்குக் கீழே இருக்கும் இன்னும் அடர்ந்த பாறையின் மேல் மிதக்கின்றன. பாறை மேல் பாறை எப்படி மிதக்கும் என்ற கேள்விக்குக் கொஞ்சம் கீழே போனதும் வருகிறேன்.

ஆக, கதை தலைகீழ். தண்ணீர் தேங்கியதால் அது கடல்தரை ஆகவில்லை. அது மெல்லிய, கனமான கல்லாக இருப்பதால் தாழ்ந்து கிடக்கிறது. தாழ்ந்து கிடப்பதால் உலகத்துத் தண்ணீர் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது.

முதலில் வருவது சேறு

சரி, ரிக் வண்டியைக் கடலுக்குள் கொண்டுபோவோம். வங்கக் கடலின் நடுவில் நிற்கிறோம். மூன்று கிலோமீட்டருக்குக் குறையாத தண்ணீரைத் தாண்டி பிட் தரையைத் தொடுகிறது. முதலில் வருவது பாறை அல்ல, வண்டல். ஆறுகள் அடித்து வந்த மண்ணும் மணலும் சேறும்.

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதே, அந்தக் கலங்கல் தண்ணீரும் சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே கடலில் கலந்து, கொஞ்சம் வண்டலை அங்கே இறக்கிவிட்டுத்தான் போனது. ஆனால் வங்கக் கடலைப் பொறுத்தவரை பாலாறு ஒரு சிட்டிகை உப்பு. அங்கே குவிந்து கிடப்பதில் பெரும்பகுதி கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கொண்டுவந்த மண். கடலுக்கு அடியில் விசிறிபோல் விரிந்து சுமார் 3,000 கிலோமீட்டர் தெற்கே நீளும் அந்தக் குவியலைவிடப் பெரிய வண்டல் விசிறி உலகில் கிடையாது. வடக்குப் பகுதியில் அதன் தடிமன் சில இடங்களில் 16 கிலோமீட்டருக்கும் மேல்.

சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குவதை வேலூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். வைத்தியத்துக்காக இரண்டு நாள் ரயிலில் வருகிறார்கள். அவர்கள் ஊர் ஆற்று மண் அவர்களுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே தெற்கே புறப்பட்டு வந்துவிட்டது. இதைப் படித்த பிறகு அந்தத் தெருவில் நடக்கும்போது எனக்கு இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

எல்லாக் கடலிலும் இவ்வளவு சேறு இல்லை. பெரிய ஆறு எதுவும் எட்டாத நடுக்கடலில் வண்டல் சில நூறு மீட்டர்தான், சில இடங்களில் அதுவும் இல்லை. அங்கே விழுவது வேறு: கண்ணுக்குத் தெரியாத கடல் உயிரிகள் செத்து, அவற்றின் நுண்ணிய ஓடுகள் தூசிபோல் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆயிரம் ஆண்டு விழுந்தாலும் சில சென்டிமீட்டர் சேர்ந்தால் அதிகம்.

பெட்ரோலும் எரிவாயுவும் கிடைப்பது இந்த வண்டல் பகுதியில்தான், அதுவும் பெரும்பாலும் கரையை ஒட்டிய தடித்த வண்டலில். பாம்பே ஹை அப்படிப்பட்ட ஓர் இடம். கடலுக்கு அடியில் பெட்ரோல் ஏரியாகக் கிடக்கிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி இல்லை. காய்ந்த பாலாற்றில் ஊற்று தோண்டியவர்களுக்கு இது உடனே புரியும். மணலுக்குக் கீழே குளம் இருக்காது, மணல் துகள்களின் இடுக்கில்தான் தண்ணீர் இருக்கும். தோண்டிய குழியில் மெல்ல ஊறி வரும். எண்ணெயும் அதேபோல் கல்லின் நுண்துளைகளில் அடைந்து கிடக்கிறது.

போண்டா, புத்தக அலமாரி, கற்கண்டு

வண்டல் முடிந்தால்தான் உண்மையான கடல்தரை. அங்கே பிட்டில் படும் கரும்பாறைக்கு ஒரு வினோதமான வடிவம் இருக்கும். உருண்டை உருண்டையாக, ஒன்றன் மேல் ஒன்று போட்ட தலையணைகள் போல. அதனால் அதற்குப் பெயரே தலையணை லாவா.

எப்படி அந்த வடிவம் வந்தது? போண்டா மாவைக் காயும் எண்ணெயில் விட்டதும் வெளியே உடனே தோல் கட்டி, உள்ளே மாவு கொழகொழவென்று இருக்குமே, அதுபோல. இங்கே சூடும் குளிரும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பு பனிக்கட்டி போலக் குளிர்ந்த கடல்நீருக்குள் பிதுங்கி வருகிறது. வந்த கணத்தில் வெளிப்புறம் இறுகித் தோலாகிறது. உள்ளே இருக்கும் குழம்பு அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு அடுத்த உருண்டையாக வெளியே வருகிறது.

இந்தக் கல்லைப் பார்க்க நடுக்கடலுக்குப் போக வேண்டியதில்லை. வட ஆற்காட்டில் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ கோலார் தங்கவயலில் வேலை செய்த குடும்பங்கள் ஏராளம். 2001-ல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அவர்கள் உடைத்த கரும்பாறை ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்கு அடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு. பிறகு சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிவிட்டது என்றாலும், தலையணை வடிவம் அழியாமல் இருக்கும் பாறைகள் அந்தப் பக்கம் இன்றும் உண்டு. எப்போதோ இருந்த ஒரு கடலின் அடியில்தான் நம்மவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தங்கம் தேடினார்கள்.

தலையணைகளுக்குக் கீழே போனால் கல் செங்குத்துப் பலகைகளாக மாறும், அலமாரியில் நெருக்கி நிறுத்திய புத்தகங்கள் போல. குழம்பு மேலே ஏறி வந்த விரிசல்கள் அவை. கடைசியில் வந்த குழம்பு விரிசலிலேயே உறைந்து சுவராகிவிட்டது. திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வெளிர்நிறப் பாறைக்கு நடுவே கருப்புக் கல் பட்டையாக ஓடுவதைக் குவாரிக்காரர்கள் காட்டுவார்கள். நம் சமையல் மேடைக்கு அறுத்து வரும் கருப்பு கிரானைட் என்பது பல நேரம் அதுதான். அதுவும் இப்படி விரிசலில் உறைந்த குழம்பே. நிலத்தில் அது அங்கொன்று இங்கொன்று. கடலடியிலோ சுவருக்கு அடுத்து சுவர், இடையில் வேறு கல்லே இல்லை.

இதற்கும் அடியில் இருப்பது காப்ரோ. பசால்ட்டுக்கும் இதற்கும் சரக்கு ஒன்றுதான், பக்குவம்தான் வேறு. சர்க்கரைப் பாகைச் சீக்கிரம் ஆறவைத்தால் பொடிப் பொடியாகப் பூக்கும். நாள்கணக்கில் அசையாமல் விட்டால் கற்கண்டாக விளையும். தண்ணீரைத் தொட்டு நொடியில் உறைந்த குழம்பு மணிமணியாகத் தெரியாத பசால்ட் ஆனது. ஆழத்தில் மெல்ல ஆறியது பெரிய படிகங்கள் கொண்ட காப்ரோ ஆனது. மேலோட்டின் பாதிக்கும் மேல் இந்தக் காப்ரோதான்.

இதுவரை துளைத்ததை எண்ணிப் பார்த்தால்: தண்ணீர், வண்டல், தலையணைகள், செங்குத்துச் சுவர்கள், காப்ரோ. தண்ணீரையும் வண்டலையும் விட்டுவிட்டால் மற்ற மூன்றும் ஒரே குழம்பு மூன்று விதமாக ஆறியவை. மொத்தம் ஆறு ஏழு கிலோமீட்டர்.

நெருப்புக் குழம்பு எங்கே?

ரிக் வண்டிக்காரர் சொன்ன இடம் இதுதான். மேலோடு முடிந்ததும் நெருப்புக் கடல் என்று அவர் மட்டும் நம்பவில்லை. அதைக் காட்டும் படங்களைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். முட்டையின் மஞ்சள் கருபோலச் செக்கச்செவேலென்று வரைந்திருப்பார்கள்.

மேலோட்டுக்குக் கீழே இருக்கும் பகுதிக்குக் கவசம் என்று பெயர். சுமார் 2,900 கிலோமீட்டர் தடிமன், கிட்டத்தட்ட கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் உள்ள தூரம். அது குழம்பு அல்ல, கல். மேல் பகுதியில் பச்சை சாயல் கொண்ட, பெரிடோடைட் என்ற கல். கொஞ்சம் ஆழம் போனதுமே 1,300 டிகிரி அளவுக்குச் சூடு உண்டு, ஆனாலும் கல்தான்.

கல் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? நிலநடுக்கத்தில் எழும் அலைகளில் ஒரு வகை, பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே போகும் அலை. திரவத்துக்குள் அந்த அலையால் போகவே முடியாது. அது கவசத்தின் வழியாகப் பல ஆயிரம் கிலோமீட்டர் தாராளமாகப் போகிறது. 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய இரும்பு தொடங்கும் இடத்தில்தான் நின்றுபோகிறது. திரவம் உண்டு, ஆனால் அது அவ்வளவு கீழே.

இருந்தாலும் இந்தக் கல் நகரும். வெயிலூர் என்று நம் ஊரைக் கேலி செய்வார்களே, அந்த அக்னி நட்சத்திர வெயிலில் ரோட்டோரம் கிடக்கும் தார்க்கட்டியைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் அடித்தால் உடையும், அப்படியானால் அது திடப்பொருள். ஆனால் அப்படியே விட்டால் ஒரு வாரத்தில் மெல்லப் படுத்து, தட்டையாகப் பரவியிருக்கும். கவசப் பாறையும் திடமாக இருந்துகொண்டே மெல்ல நகர்கிறது, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில். பாறை மேல் பாறை எப்படி மிதக்கும் என்ற கேள்விக்கும் இதுவே பதில். நம் கண்ணுக்கு அது கல், கோடி ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது தார்.

அப்படியானால் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது? பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்வோம். மூடி இறுகியிருக்கும்போது உள்ளே தண்ணீர் 120 டிகிரி அளவுக்குச் சூடாகியும் தண்ணீராகவே இருக்கும், அழுத்தம் அதை விடாது. வெயிட்டைத் தூக்கிவிட்டால் அந்தச் சூட்டிலேயே குபீரென்று ஆவியாகும். கூடுதல் தீ தேவையில்லை, அழுத்தம் குறைந்தாலே போதும். கவசப் பாறையும் உருகும் அளவுக்குச் சூடாகத்தான் இருக்கிறது. மேலே இருக்கும் பாரம் அதை உருக விடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. எங்காவது அது மேலே ஏறி வந்தால், அழுத்தம் குறைந்து, அதில் ஒரு சிறு பங்கு உருகும். பூமியில் உண்டாகும் எரிமலைக் குழம்பில் பெரும்பகுதி இப்படி வருவதுதான். கீழே ஒரு நெருப்புக் கடல் காத்துக்கொண்டு இருக்கவில்லை, தேவைப்படும் இடத்தில் அவ்வப்போது உருகுகிறது.

தரை பிறக்கும் இடம், புதையும் இடம்

அப்படி மேலே ஏறி வரும் இடங்கள் கடலுக்கு நடுவில் வரிசையாக இருக்கின்றன. பூமியைச் சுற்றி ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. இமயமலையெல்லாம் அதன் முன் சின்னத் துண்டு. நமக்கு மேற்கே அரபிக்கடலில் கார்ல்ஸ்பர்க் தொடர் என்பது அதன் ஒரு கிளை. அந்தத் தொடரின் முதுகில் தரை இரண்டாகப் பிளந்து விலகுகிறது, விலகிய இடத்தில் கீழிருந்து குழம்பு வந்து உறைகிறது, அதுவும் பிறகு பிளக்கிறது. கடல்தரை பிறப்பது அங்கே. விரல் நகம் வளரும் வேகம் என்று சொல்வார்கள், கிட்டத்தட்ட சரிதான்.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு பெண் இருக்கிறார், மேரி தார்ப். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆய்வுக் கப்பல்களில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். ஆண்கள் கடலில் போய் ஆழம் அளந்து வருவார்கள், இவர் மேசையில் உட்கார்ந்து அந்த எண்களைப் படமாக வரைவார். வரைய வரைய, அட்லாண்டிக் மலைத்தொடரின் உச்சியில் நெடுக ஒரு பிளவு தெரிந்தது. உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். பிறகு நிலநடுக்கம் வந்த இடங்களை அதே படத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது புள்ளிகள் எல்லாம் அந்தப் பிளவிலேயே போய் உட்கார்ந்தன. வாயடைத்துப்போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆதாரத்தைக் கேசட் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கேசட் நாடாவில் காந்தத் துகள்கள் பாட்டைப் பதிந்து வைக்கும். பசால்ட்டில் இருக்கும் இரும்புத் துகள்களும் அப்படியே. குழம்பு உறையும்போது பூமியின் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதைப் பதிந்துகொள்ளும். பூமியின் காந்தம் அவ்வப்போது தலைகீழாகத் திரும்பும் வழக்கம் உடையது. கடைசியாகத் திரும்பியது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன். மலைத்தொடரின் இரண்டு பக்கமும் அளந்தால், நேர், தலைகீழ், நேர், தலைகீழ் என்று பட்டைகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்து வருகின்றன. 1963-ல் வைன், மேத்யூஸ் என்ற இருவர் இதன் பொருளைச் சொன்னார்கள்: ஒரே பாட்டு இரண்டு நாடாவில் ஒரே நேரத்தில் பதிவாகி, இரு பக்கமும் விலகிப் போய்க்கொண்டிருக்கிறது.

பிறந்துகொண்டே இருந்தால் பூமி ஊதிப் பெருக்க வேண்டுமே? பெருக்கவில்லை, மறுபக்கம் தரை புதைந்துகொண்டும் இருக்கிறது. பிறந்த இடத்தை விட்டு விலக விலகக் கடல்தரை ஆறும், ஆற ஆறக் கனக்கும். கடைசியில் ஓரிடத்தில் வளைந்து கவசத்துக்குள்ளேயே இறங்கிவிடும். அந்த இடத்தில் கடலடியில் ஒரு நீண்ட பள்ளம் விழும். அதற்குத் தமிழில் அகழி என்றுதான் பெயர், நம் கோட்டையைச் சுற்றி இருப்பதன் பெயரேதான். பசிபிக்கில் மரியானா அகழி ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆழம்.

இதை விளக்கப் பால் ஏட்டை உவமை சொல்வார்கள். பால் காயும்போது நடுவில் பொங்கி ஏட்டை ஓரத்துக்குத் தள்ளுகிறது, அதுபோல என்று. நானும் அக்கா மகனிடம் அதைத்தான் சொன்னேன். முழுக்கத் தப்பில்லை, ஆனால் முக்கியமான விசையை அது மறைத்துவிடுகிறது. மொட்டைமாடிச் சுவரில் காயப்போட்ட ஈர வேட்டி ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தொங்கினால் என்ன ஆகும்? தொங்கும் பக்கத்தின் கனமே மிச்ச வேட்டியையும் இழுத்துக்கொண்டு கீழே விழும். கடல்தரை நகர்வதில் பெரிய பங்கு இந்த இழுப்புக்குத்தான். நடுவில் தள்ளுவதைவிட ஓரத்தில் இழுப்பது அதிகம்.

வேட்டி வழுக்கிக்கொண்டு போனால் தொல்லையில்லை. நடுவில் ஏதாவது ஆணியில் மாட்டினால்தான் வினை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது அது. சுமத்ராவுக்கு மேற்கே, இந்தியப் பக்கத்துக் கடல்தரை உள்ளே இறங்கும் அகழியில், நூற்றாண்டுகளாக மாட்டிக்கொண்டிருந்த பிடி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விட்டது. மேலே இருந்த தரை துள்ளி எழுந்தது, அதன் மேல் நின்ற தண்ணீரும் எழுந்தது. சுனாமி என்ற சொல்லை நம்மில் பலர் முதல்முறை கேட்டது அன்றுதான்.

பிறப்பும் புதைவும் ஓயாமல் நடப்பதால் கடல்தரை கிழடாவதே இல்லை. இன்றைக்கு இருக்கும் பெருங்கடல் தரையில் பெரும்பாலும் 18 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கல் கிடையாது. வேலூரைச் சுற்றி நிற்கும் பாறைகளுக்கு ஏறக்குறைய 250 கோடி வயது. அக்கா தோட்டத்தில் திருநீறாகப் பறந்த அந்த மாவு, உலகத்தின் எந்தப் பெருங்கடல் தரையைவிடவும் பத்து மடங்குக்கும் மேல் மூத்தது.

யார் போய்ப் பார்த்தார்கள்?

மேலோடு எங்கே முடிகிறது என்பதை முதலில் கண்டவர் குரோஷியாவின் ஆந்திரியா மொஹொரோவிச்சிச், 1909-ல். அவர் எதையும் தோண்டவில்லை. ஒரு நிலநடுக்கத்தின் அலைகள் வெவ்வேறு ஊர்க் கருவிகளுக்கு எப்போது வந்து சேர்ந்தன என்று கணக்குப் பார்த்தார். தொலைவில் இருந்த கருவிகளுக்கு ஒரே அலை இரண்டு தடவை வந்தது போலிருந்தது. சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பஸ்களில் ஊர் ஊராக உள்ளே நுழைந்து வருவது ஒன்று, பைபாஸிலேயே போவது ஒன்று. பைபாஸ் சுற்று வழி என்றாலும் வேகம் அதிகம், தொலைதூரத்துக்கு அதுதான் முந்தும். பூமிக்குள்ளும் ஒரு பைபாஸ் இருக்கிறது, அலையை வேகமாகக் கடத்தும் அடர்ந்த கல் ஓர் ஆழத்துக்குக் கீழே தொடங்குகிறது என்று அவர் புரிந்துகொண்டார். அந்த எல்லையைச் சுருக்கமாக மோஹோ என்கிறார்கள். இன்றும் கப்பலிலிருந்து ஒலி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டுத்தான் கடலடிப் பாறையின் பெரும்பகுதியை அறிகிறோம்.

தோண்டவும் பார்த்தார்கள். மோஹோவைத் தொட்டுவிடுவது என்று அமெரிக்கா கிளம்பியது. நிலத்தில் 40 கிலோமீட்டர் துளைப்பதைவிடக் கடலில் ஏழு துளைப்பது லாபம் என்ற கணக்கு. 1961-ல் மெக்சிகோவின் குவாதலூப் தீவுக்கு அருகே, மூன்றரைக் கிலோமீட்டர் தண்ணீருக்கு மேல் கப்பலை நிறுத்தினார்கள். ஏலகிரியை மூன்று முறை அடுக்கிய உயரத்திலிருந்து குழாயைத் தொங்கவிட்டுத் துளைப்பதற்குச் சமம் அது. தரைக்குள் போனது 183 மீட்டர். அதிலும் கடைசிக் கொஞ்சம்தான் பசால்ட், மிச்சமெல்லாம் வண்டல். செலவு ஏறிக்கொண்டே போனதால் 1966-ல் பணத்தை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் ஆயிரம் அடி போட்டுத் தண்ணீர் வராத போருக்குக் கிடைக்கும் மரியாதைதான் அதற்கும் கிடைத்தது. ஆனால் நங்கூரம் இல்லாமல் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தித் துளைக்க முடியும் என்பதைக் காட்டியது அந்த முயற்சிதான்.

முழு மேலோட்டையும் துளைத்து மோஹோவைத் தாண்டியவர் இதுவரை யாரும் இல்லை. ஆனால் குறுக்கு வழி ஒன்று உண்டு. அட்லாண்டிக் நடுவே ஓரிடத்தில் தரை பிசகி, கவசப் பாறையே மேலே வந்து கிடக்கிறது. ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற கப்பல் 2023-ல் அங்கே 1,268 மீட்டர் துளைத்து அந்தக் கல்லை நீள நீளத் துண்டுகளாக எடுத்து வந்தது.

படிகாரமும் தேவாங்கும்

பூமிக்குள் எல்லாக் கடலையும்விடப் பெரிய கடல் கண்டுபிடிப்பு என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஆண்டுக்கு ஒரு முறை சுற்றி வரும். பெரியவர் சொன்னது சரியாகிவிட்டதோ என்று தோன்றும். 2014-ல் வந்த உண்மையான ஆய்வுகளைத் திரித்தது அது. ஏறத்தாழ 520 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு கனிமத்துக்குத் தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தன்மை உண்டு. அந்தக் கனிமத்தின் நுண்ணிய துணுக்கு ஒன்று, பிரேசிலில் கிடைத்த வைரம் ஒன்றுக்குள் சிக்கியிருந்தது. அவ்வளவுதான் செய்தி.

சவரக் கடையில் முகத்தில் தேய்க்கும் படிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தொட்டால் காய்ந்த கல். ஆனால் அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். சட்டியில் போட்டுப் பொரித்தால் இளகிக் கொதித்து, தண்ணீரை விட்டுவிட்டுப் பூப்போல் ஆகும். படிகாரத்துக்குள் குளம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? அந்த ஆழத்துத் தண்ணீரும் அப்படிக் கல்லோடு கல்லாகக் கட்டுண்டது. படகு விட முடியாது.

கடலுக்கு அடியில் மூழ்கிய கண்டம் என்ற பேச்சும் இந்த இடத்தில் வரும். லெமூரியா என்ற பெயரை 1864-ல் வைத்தவர் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். மடகாஸ்கரில் லெமூர் இருக்கிறது, அதன் உறவான தேவாங்கு இந்தியாவில் இருக்கிறது, நடுவில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். அன்றைக்கு அது நியாயமான யோசனை. நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது என்பது பிறகு தெரிந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக்கொண்டிருந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. கரையோர ஊர்களைக் கடல் கொண்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; 120 மீட்டர் ஏறிய கடல் எதையும் விட்டு வைத்திருக்காது. ஆனால் லேசான தடிக்கட்டையான ஒரு கண்டம் முழுசாகக் கீழே போவது என்பது வேறு. நாம் துளைத்துப் பார்த்தபடி, நடுக்கடல் தரை கண்டத்தின் கல்லே அல்ல.

அப்ப தண்ணி வருமா?

இதையெல்லாம் அக்கா மகனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். போண்டாவும் குக்கரும் பிடித்திருந்தன. கடைசியில் மறுபடியும் அவன் கேள்விக்கே வந்தான். "அதெல்லாம் சரி மாமா. போர் போட்டா தண்ணி வருமா, வராதா?"

வரும் என்றேன். இதைத்தான் நானே எதிர்பார்க்கவில்லை. அந்தத் தலையணைப் பாறைகளுக்கு இடையே ஏகப்பட்ட விரிசல். கடல்நீர் அவற்றின் வழியே கீழே இறங்கி, சூடாகி, மறுபடி மேலே வருகிறது. உலகத்திலேயே மிகப் பெரிய நீர்தாங்கிப் பாறை கடலடி மேலோடுதான் என்கிறார்கள். மலைத்தொடர்களில் அந்த நீர் வெந்நீர் ஊற்றாகப் பீறிடுகிறது. 1977-ல் பசிபிக்கில் காலபகோஸ் தீவுகள் அருகே ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் முதல்முறை அதைப் பார்த்தார்கள். சூரிய வெளிச்சமே எட்டாத அந்த இடத்தில் ஊற்றைச் சுற்றிப் புழுக்களும் சிப்பிகளும் கூட்டம் கூட்டமாக வாழ்ந்துகொண்டிருந்தன. வேறு சில ஊற்றுகளில் கரும்புகைபோல் வரும் நீரின் சூடு 350 டிகிரிக்கும் மேல். ஆனாலும் கொதித்து ஆவியாவதில்லை, மேலே இருக்கும் கடலே குக்கர் மூடி. 2012-ல் ஜப்பானின் ஷிமோகிடாவுக்கு அப்பால் சிக்யூ கப்பல் துளைத்தபோது, கடல்தரைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் கீழேகூட நுண்ணுயிர்கள் இருந்தன.

சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?"

"உப்புத்தான்."

"அதுக்கு ஏன்டா அவ்வளவு தூரம் போகணும்? அடுத்த தெருவுல ஐந்நூறு அடியிலயே வந்துச்சே."